சர்ச்சிலின் சுருட்டு அலமாரி

1941-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். லண்டன் மாநகரில் இரவு நேரம். ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவின் பெரும் பகுதியை விழுங்கிவிட்டு ரஷ்யாவுக்குள் பாய்ந்துகொண்டிருந்தன.

யுத்த நிலைமையைப் பற்றி ஆலோசிக்கப் பாதுகாப்புக் கமிட்டி கூடியது. மந்திரிகளும் தளபதிகளும் வந்து சேர்ந்தார்கள். பிரதம மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில் உடனே பேச்சைத் தொடங்கவில்லை. எல்லோரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஓர் அழகான மரப் பீரோ நின்றது. கதவைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக ஹவானாச் சுருட்டுகள்! ஒன்றல்ல, இரண்டல்ல, 2,000-க்கும் மேல். கியூபா நாட்டிலிருந்து பிரதம மந்திரிக்கு வந்த அன்பளிப்பு அது.

பார்த்தவர்களின் நாவில் நீர் ஊறியது. ஆனால், சர்ச்சில் சொன்ன செய்தி அவர்களைத் திடுக்கிட வைத்தது. இந்தச் சுருட்டுகளில் கொடிய விஷம் இருந்தாலும் இருக்கலாம் என்றார். இருந்தால், வரிசையாகப் போகும் சவப்பெட்டிகளுக்குப் பின்னால் தாம் துக்கத்தோடு நடக்க வேண்டியதுதான் என்றும் வேடிக்கையாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தார்!

அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. சர்ச்சிலைக் கொல்ல வேண்டுமானால் எதில் விஷம் வைக்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். சர்ச்சில் என்றாலே சுருட்டுத்தான் நினைவுக்கு வரும்.

அவ்வளவு பெரிய சுருட்டுப் பிரியராக அவர் எப்படி ஆனார்?

குதிரையும் துப்பாக்கியும்

1874-ம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ந் தேதி பிளெனிம் என்ற பெரிய அரண்மனையில் சர்ச்சில் பிறந்தார். தகப்பனார் ராண்டால்ப் பிரபு, அரசியலில் பெயர் பெற்றவர். தாயார் ஜென்னி, அமெரிக்கச் செல்வர் ஒருவரின் மகள்.

ஹாரோ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பையன் புகை பிடிக்கத் தொடங்கிவிட்டான். அப்போது வயது 15. தாயார் காதுக்குச் செய்தி எட்டியது. அந்த அம்மையார் மகனை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. 6 மாதம் புகை பிடிக்காமல் இருந்தால் ஒரு துப்பாக்கியும் ஒரு மட்டக்குதிரையும் வாங்கித் தரும்படி தகப்பனாரிடம் சொல்வதாகக் கடிதம் எழுதினார். மகனும் ஒப்புக்கொண்டான். எந்தத் தாயும் செய்யக்கூடிய தந்திரந்தான். பலன் நெடுநாள் நிற்கவில்லை.

1895-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி தகப்பனார் இறந்துபோனார். மகன் பட்டாளத்தில் சேர்ந்தார். குதிரைப் படையில் இளம் அதிகாரி. அந்த ஆண்டு அவருடைய படைப்பிரிவுக்குச் சண்டை இல்லை. சும்மா இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. கியூபாத் தீவில் ஸ்பெயின் அரசாங்கத்தை எதிர்த்துப் புரட்சி நடந்துகொண்டிருந்தது. லீவு எடுத்துக்கொண்டு, நண்பர் ஒருவருடன் அதைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். பத்திரிகைக்குச் செய்தி எழுதிச் செலவுக்குப் பணமும் தேடிக்கொண்டார்.

கப்பல் ஏறுவதற்கு முன்பே தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினார். திரும்பும்போது ஹவானாச் சுருட்டுகள் ஏராளமாகக் கொண்டு வருவதாகவும், அவற்றில் கொஞ்சத்தை வீட்டு நிலவறையில் போட்டு வைக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். 20 வயதுப் பையன். கையில் காசு கிடையாது. சுருட்டு இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள் எங்கே சேமித்து வைப்பது என்ற யோசனை! சர்ச்சிலின் ஆயுள் முழுவதும் தொடர்ந்த வழக்கம் இந்த ஒரு வரியில் ஆரம்பமாகிறது.

கியூபாவில் அவருடைய 21-வது பிறந்த நாள் துப்பாக்கிச் சத்தத்தோடு விடிந்தது. வழியில் இறங்கிக் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். குண்டு அவர் தலைக்கு அருகில் பாய்ந்து, பின்னால் நின்ற குதிரையின் விலாவில் பட்டது. குதிரை செத்தது. சர்ச்சில் பிழைத்தார்.

அந்தத் தீவிலிருந்து 2 பழக்கங்களோடு அவர் ஊர் திரும்பினார். ஒன்று, பகல் தூக்கம். மற்றொன்று, ஹவானாச் சுருட்டு. இரண்டையும் கடைசி வரையில் விடவில்லை.

சுரங்கத்தில் ஒரு பெட்டி

1896-ல் பட்டாளத்தோடு பெங்களூருக்கு வந்தார். பங்களாவில் ரோஜாச் செடி வளர்த்தார், போலோ ஆடினார், மூட்டை மூட்டையாகப் புத்தகம் வரவழைத்துப் படித்தார். பிறகு தென் ஆப்பிரிக்காவுக்கு யுத்த நிருபராகப் போனார். அங்கே போயர்கள் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். 1899 டிசம்பரில் இரவோடு இரவாகச் சுவர் ஏறிக் குதித்துத் தப்பினார்.

தப்பியவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் மானேஜர். அவர் சர்ச்சிலைச் சுரங்கத்தின் அடியிலே ஒளித்து வைத்தார். மெழுகுவத்தி, சாப்பாடு, விஸ்கி, இவற்றோடு ஒரு பெட்டிச் சுருட்டும் கொண்டு வந்து கொடுத்தார். மெழுகுவத்தியை எலிகள் தூக்கிக்கொண்டு போய்விட்டன. சுருட்டு மட்டும் துணையாக இருந்தது. தலைக்கு விலை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருட்டிலே ஒரு மனிதர் சுருட்டோடு உட்கார்ந்திருக்கிறார்!

பல நாள் கழித்து, சரக்கு ரயிலில் மூட்டைகளுக்கு இடையே பதுங்கி எல்லையைத் தாண்டினார். இங்கிலாந்து திரும்பியபோது ஊரெல்லாம் அவர் பெயர்தான்.

50 சுருட்டு

லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் ராபர்ட் லூயிஸ் என்று ஒரு பழைய சுருட்டுக் கடை இருந்தது. 1900-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி சர்ச்சில் அந்தக் கடையில் 50 ஹவானாச் சுருட்டு வாங்கினார். அப்போது வயது 25. இரண்டு மாதத்தில் பார்லிமெண்டு மெம்பர் ஆகப் போகிறவர்.

நம் ஊரில் உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் பெயர் பெற்றவை. திருச்சிச் சுருட்டு கப்பல் ஏறி இங்கிலாந்து வரை போனது. சர்ச்சிலும் எங்கள் சரக்கைத்தான் பிடித்தார் என்று அந்தப் பக்கத்தில் பெருமையோடு சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் அவர் அலமாரியை நிரப்பியவை ஹவானாச் சுருட்டுகளே.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. திருச்சிச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். அப்படியே பற்ற வைக்கலாம். ஹவானாச் சுருட்டுக்கு வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். அதை வெட்டியோ துளைத்தோதான் பிடிக்க முடியும்.

புதிதாக வாங்குகிறவர்கள் நீளத்தையும் பளபளப்பையும் பார்த்து ஏமாந்துபோவார்கள். அனுபவசாலிகள் அப்படிப் பார்ப்பதில்லை. நல்ல சுருட்டில் மூன்று வகை இலை இருக்கிறது. உள்ளே அடைப்பது ஒன்று. அதைச் சேர்த்துக் கட்டுவது ஒன்று. மேலே போர்த்துவது ஒன்று. மேல் இலை வெடிப்பு இல்லாமல், தடித்த நரம்பு இல்லாமல், ஒரே நிறமாக இருக்க வேண்டும். இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் ரப்பர் போல ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். நடுவில் கட்டி தட்டினால் புகை இழுக்க வராது. ஓர் இடம் மட்டும் பஞ்சாக இருந்தால் அங்கே நெருப்பு வேகமாக ஓடிவிடும். மொறமொறவென்று சத்தம் கேட்டால் காய்ந்துபோன சரக்கு.

நிறம் கறுப்பாக இருந்தால் காரம் அதிகம் என்று நினைப்பதும் தவறு. நிறம் மேல் இலைக்கு உரியது. காரம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது. முதன்முதலில் வாங்குகிறவனுக்கு விவரம் தெரிந்த கடைக்காரன் பெரிய சுருட்டைக் கொடுக்க மாட்டான். சிறியதாக, காரம் குறைந்ததாக ஒன்றோ இரண்டோ கொடுப்பான். பெட்டியாக வாங்கச் சொல்லவும் மாட்டான்.

சர்ச்சில் இந்த நிதானத்தைக் கடைப்பிடித்தவர் அல்ல. முதல் தடவையிலேயே 50 வாங்கினார். கையில் காசு இருக்கிறதா, இல்லையா என்ற யோசனை அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

சார்ட்வெல் வீட்டு அறை

1922-ல் கெண்ட் ஜில்லாவில் சார்ட்வெல் என்ற வீட்டை வாங்கினார். மனைவி கிளமென்டைன் அம்மையாருக்கு அதில் சம்மதமில்லை. பழைய வீடு, பழுது பார்க்கவே பெரும் பணம் தேவைப்படும் என்று அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. அப்படியே ஆயிற்று. கடன் ஏறிக்கொண்டே போய், 1938-ல் வீட்டை விற்க விளம்பரம் செய்யும் நிலைமை வந்தது. செல்வந்தரான ஒரு நண்பர் கடனை ஏற்றுக்கொண்டதால் வீடு தப்பியது.

பணத்தைச் சிதறவிட்ட இந்த மனிதர் சுருட்டை மட்டும் சிதறவிடவில்லை. சார்ட்வெல் வீட்டில், அவர் படிக்கும் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. அதில் அலமாரிகளில் 3,000 முதல் 4,000 சுருட்டு வரை இருக்கும் என்று அவரிடம் வேலை பார்த்தவர் எழுதி வைத்திருக்கிறார். பெட்டிகளின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது. பெரியது, சிறியது, உறை போட்டது, உறை போடாதது என்று தனித்தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தன.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம்.

புகையிலை கடல் காற்று ஈரம் நிறைந்த தீவில் விளைகிறது. அங்கேயே சுருட்டப்படுகிறது. அதை எடுத்து வந்து, குளிர்காலத்தில் கணப்பு எரியும் வீட்டில் மேஜைமேல் வைத்தால் சில நாட்களில் காய்ந்துவிடும். மேல் இலை வெடிக்கும். மணம் போய்விடும். புகை சூடாக, கசப்பாக வரும். போன மணம் பிறகு முழுவதும் திரும்பாது. ஈரம் அதிகமானாலும் ஆபத்து. பூஞ்சக்காளான் பிடிக்கும், பற்ற வைத்தால் அணைந்து அணைந்து போகும்.

காற்றில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி இருப்பது நல்லது. 25 டிகிரிக்கு மேல் ஏறினால் வேறு ஒரு தொல்லை வரும். புகையிலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் வண்டின் முட்டை பொரித்துவிடும். கடுகளவு வண்டு, ஊசியால் குத்தியதுபோலத் துளை போட்டுக்கொண்டு ஒரு பெட்டியையே பாழாக்கிவிடும்.

ஆகவே இதற்கென்று தனிப் பெட்டி செய்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு உள்ளே போடுவது செடார் என்று சுருட்டு வியாபாரிகள் சொல்லும் மரம். அது நம் வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். நல்ல வாசனை உண்டு. பெட்டிக்குள் ஓரமாக, வடிகட்டிய நீரில் நனைத்த பஞ்சு வைப்பார்கள். பஞ்சு சுருட்டின்மேல் படக்கூடாது. புதுப் பெட்டியாக இருந்தால் முதலில் மரம் ஈரம் குடிக்க சில நாள் விட வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே அடுக்கினால், காய்ந்த மரம் சுருட்டில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும். நம் வீட்டுப் பெண்கள் புதுப் பானையைப் பழக்குவது போலத்தான் இதுவும்.

சார்ட்வெல் அறையில் இருந்தவை ஒரு பகுதியே. லண்டன் கடைகளிலும் சர்ச்சிலின் பெயரில் தனியே சுருட்டு எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கடைகளில் டன்ஹில் கடையும் ஒன்று. 1941 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அந்தக் கடை சின்னாபின்னமாயிற்று. இரவு 2 மணி. இடிபாட்டுக்கு நடுவிலிருந்து கடை மானேஜர் பிரதம மந்திரிக்கு டெலிபோன் செய்து, அவருடைய சுருட்டுகள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாராம். அந்தக் கடையில் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை இது.

எரிந்தது பாதி, மென்றது பாதி

சேமித்து வைப்பதில் இத்தனை அக்கறை காட்டியவர், பிடிக்கும் முறையில் எந்த விதியையும் மதிக்கவில்லை. முனையை வெட்ட மாட்டார். எச்சிலால் நனைத்து, பெரிய தீக்குச்சியால் துளை போடுவார். மறு முனையிலிருந்து ஊதிப் பார்ப்பார். பிறகு பற்ற வைப்பார். அது அணைந்துவிடும். மறுபடி பற்ற வைப்பார். பேசிக்கொண்டே இருப்பார், அணைந்த சுருட்டு வாயிலேயே இருக்கும். மென்று மென்று முனை கூழாகிவிடும். அதற்காகப் பழுப்புக் காகிதத்தில் ஒரு பட்டை செய்து முனையில் சுற்றிக்கொள்வார்.

சாம்பல் சட்டையெல்லாம் விழும். பட்டு அங்கிகளில் பொத்தல் விழும். கிளமென்டைன் அம்மையார் குழந்தைக்குக் கட்டுவது போல ஒரு மேல்துணி செய்து கொடுத்தார். மிச்சமான துண்டுகளை ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, தோட்ட வேலைக்காரருக்குக் கொடுப்பது வழக்கம். அவர் அதை உதிர்த்துக் குழாயில் போட்டுப் பிடிப்பார்.

ஒரு நாளைக்கு 8, 10 சுருட்டு என்று கணக்குச் சொல்வார்கள். அவ்வளவும் புகையாகப் போயிருந்தால் அவர் என்னவாகியிருப்பாரோ! அவர் 90 வயது வரை வாழ்ந்தார் என்பதைக் காட்டி, சுருட்டுக் கெடுதல் செய்யாது என்று வாதாடுவோர் உண்டு. அதே ஹவானாச் சுருட்டை விடமுடியாத மனநூல் மேதை பிராய்டுக்கு 1923-ல் தாடையில் புற்றுநோய் கண்டது. 30-க்கு மேற்பட்ட ஆபரேஷன். 16 ஆண்டு வேதனைக்குப் பின் 1939-ல் இறந்தார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிராண்டு, தொண்டைப் புற்றுநோயால் 1885-ல் மாண்டார். அவரும் சுருட்டு பிடித்தவரே.

விஷம் இருந்ததா?

கியூபாப் பீரோவுக்கு வருவோம். யுத்த காலத்தில் டாலரைச் சேமிப்பதற்காக ஹவானாச் சுருட்டு இறக்குமதியை இங்கிலாந்து நிறுத்தி வைத்திருந்தது. ஜனங்களுக்கு ஜமைக்காச் சுருட்டுத்தான். சர்ச்சிலுக்கு மட்டும் பல தேசங்களிலிருந்து பரிசாக வந்து குவிந்தது. அனுப்பியவர் நண்பரா, எதிரியா என்பதை யார் கண்டார்கள்? கியூபா அப்போது யுத்தத்தில் சேரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஜெர்மனிமீது யுத்தப் பிரகடனம் செய்தது.

ரகசியப் போலீஸ் இலாகாவில் விக்டர் ராத்சைல்டு பிரபு இருந்தார். அவர் விஞ்ஞானி. வெடிகுண்டையும் விஷத்தையும் கண்டுபிடிப்பது அவர் வேலை. பிரதம மந்திரிக்கு வரும் தின்பண்டம், சுருட்டு எல்லாம் அவர் பார்வைக்குப் போகும். கியூபாச் சுருட்டுப் பெட்டி ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சோதித்தார்கள். விஷம் அகப்படவில்லை.

ஆனால், சோதித்த சுருட்டைப் பற்றித்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். சோதித்த பிறகு அது பிடிக்க உதவாது. சோதிக்காத சுருட்டுக்கு யாரும் ஜாமீன் நிற்க முடியாது. 2,000 சுருட்டையும் பிய்த்துப் பார்த்தால் பரிசே மிஞ்சாது. அன்று இரவு சர்ச்சில் சோதனை முடியும் வரை காத்திருக்கவில்லை. கமிட்டியில் இருந்தவர்களும் மறுக்கவில்லை. எல்லோரும் சுருட்டை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் எல்லோரும் சௌக்கியமாக எழுந்தார்கள். ஒரு தேசத்தின் யுத்தத்தை நடத்தும் அத்தனை பேரையும் ஒரே அறையில் வைத்து இப்படி விளையாடலாமா என்றால், கூடாதுதான். அந்தத் துணிச்சல்தான் அவரைப் பிரதம மந்திரி ஆக்கியது. அதே துணிச்சல் வேறு இடங்களில் பல உயிர்களை வாங்கியதும் உண்டு.

அதே ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கனடாவில், கார்ஷ் என்ற போட்டோக்காரர் சர்ச்சிலைப் படம் எடுக்க வந்தார். சுருட்டை எடுத்துவிடும்படி கேட்டார். சர்ச்சில் எடுக்கவில்லை. கார்ஷ் கிட்டே போய், சட்டென்று வாயிலிருந்து சுருட்டைப் பறித்துவிட்டார். சர்ச்சிலின் முகம் சிவந்தது. அந்த வினாடியில் எடுத்த படந்தான் உலகப் புகழ் பெற்றது. ஹிட்லரைப் பார்த்து முறைக்கும் சிங்கம் என்று ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள். உண்மையில் அவர் சுருட்டுக்காக முறைத்தார்!

இங்கிலாந்து மக்களுக்கு அந்தச் சுருட்டு தைரியத்தின் அடையாளமாக இருந்தது. நம் நாட்டில் அதைப் பார்த்த கண்கள் வேறு. இந்தியாவுக்கு விடுதலை கொடுப்பதை எதிர்த்தவர் அவர். 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடப்படுகிறது. தானியக் கப்பல் கேட்டு டெல்லியிலிருந்து தந்திமேல் தந்தி போயிற்று. சர்ச்சிலின் மந்திரி சபை கேட்ட அளவு கொடுக்கவில்லை. அவர் வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

கடைசிப் பெட்டி

யுத்தத்தில் வென்றவர் 1945 தேர்தலில் தோற்றார். 1946-ல் மறுபடி ஹவானாவுக்குப் போனார். 50 ஆண்டுக்கு முன் கையில் காசில்லாத இளைஞனாகப் பார்த்த ஊர். இப்போது ஊரே திரண்டு வரவேற்றது. அங்கே பத்திரிகை அதிபர் ஒருவர், அதன் பிறகு பல ஆண்டுக் காலம் சர்ச்சிலுக்குச் சுருட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். கியூபாச் சுருட்டுக் கம்பெனி 7 அங்குல நீளமுள்ள ஒரு பெரிய சுருட்டுக்கு அவர் பெயரையே வைத்தது. இன்று உலகம் முழுவதும் அந்த அளவுக்கு சர்ச்சில் என்பதே பெயர்.

1951-ல் மறுபடி பிரதம மந்திரி ஆனார். 1953-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு பக்கவாதம் கண்டது. 1955-ல் பதவியை விட்டு விலகினார். 1959-ல் கியூபாவில் புரட்சி வெற்றி பெற்றது. சுருட்டு அனுப்பி வந்த பத்திரிகை அதிபர் நாட்டை விட்டே வெளியேறினார். அலமாரியில் இருந்ததைக் கொண்டும், லண்டன் கடைகளைக் கொண்டும் சர்ச்சில் சமாளித்தார். 1962-ல் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். 87 வயது. வெளியே தூக்கி வந்தபோதும் கையில் சுருட்டு இருந்தது.

1965-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி சர்ச்சில் காலமானார். சரியாக 70 ஆண்டுக்கு முன் தகப்பனார் இறந்ததும் அதே தேதியில்தான்.

அடுத்த ஆண்டு சார்ட்வெல் வீட்டைப் பொது ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். ராபர்ட் லூயிஸ் கடை பின்னால் வேறொரு கடையோடு சேர்ந்தது. அவர்கள் பழைய கணக்குப் புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்தார்கள். 1900 ஆகஸ்டு 9 என்ற தேதிக்கு நேரே சர்ச்சிலின் பெயர் இருக்கிறது. பக்கத்தில் 50 சுருட்டு என்று எழுதியிருக்கிறது.